நிலத்துக்குக் கெடு உண்டு, கால் இழந்தவருக்கு?

2028 ஜூன் 1. தன் மண்ணில் புதைந்து கிடக்கும் மிதிவெடிகள் அனைத்தையும் அகற்றி முடிப்பதற்கு இலங்கைக்கு விதிக்கப்பட்டிருக்கும் கடைசி நாள் அது. 2017 டிசம்பரில் மிதிவெடித் தடைக்கான ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது. மறு ஆண்டு ஜூனில் உடன்படிக்கை அந்நாட்டைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. அன்றிலிருந்து பத்து ஆண்டுகள் அவகாசம். வடக்கின் வன்னிப் பகுதியில் ஒரு காணி வெடி நீக்கப்பட்டால் அதை அளக்கிறார்கள், வரைபடத்தில் குறிக்கிறார்கள், முறைப்படி அரச அதிகாரிகளிடம் ஒப்படைக்கிறார்கள். எத்தனை சதுர மீட்டர், எத்தனை வெடிகள், எந்தத் தேதி என்று எல்லாவற்றுக்கும் பதிவு இருக்கிறது.

அதே காணியில் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பு விறகு பொறுக்கப் போய்க் காலை இழந்தவருக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. எந்த நாளுக்குள் அவருக்குப் பொருந்துகிற பொய்க்கால் கிடைக்க வேண்டும், எந்த நாளுக்குள் அவருக்கு ஒரு தொழில் அமைய வேண்டும் என்று எந்த அரசும் எந்த மேடையிலும் சொன்னதில்லை. மண்ணுக்குத் தரப்பட்ட காலக்கெடு, அந்த மண்ணால் முடமாக்கப்பட்ட மனிதருக்கும் தரப்பட வேண்டும். கெடு முடியும் நாள் நெருங்கிவரும் இந்த நேரத்தில் அதைக் கேட்காவிட்டால், பிறகு கேட்பதற்கு ஒரு மேடைகூட மிஞ்சாது.

முகமாலை மண்ணுக்குள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்துப் பகுதியில், ஏ9 சாலையோரம் இருக்கிறது முகமாலை. 2000 ஏப்ரலில் ஆனையிறவு விடுதலைப் புலிகள் வசமான பிறகு, கிளாலியில் தொடங்கி முகமாலை வழியாக நாகர்கோவில் கடற்கரை வரை இரு தரப்பின் முன்னரங்குகளும் எதிரெதிரே நின்றன. இடைப்பட்ட மண்ணில் இரு தரப்பும் ஆண்டுக்கணக்கில் வெடிகளைப் புதைத்தன. போர்நிறுத்தம் நிலவிய சமாதான காலத்தில் யாழ்ப்பாணம் போய்வந்த பேருந்துகள் எல்லாம் அங்கிருந்த சோதனைச் சாவடியில் நின்றுதான் போயின. சாலையின் இரு பக்கமும் தலையிழந்த தென்னைகளும் பனைகளும், அவற்றுக்குக் கீழே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகளும் அந்த வழியே போனவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். உலகிலேயே மிக நெருக்கமாக வெடி புதைக்கப்பட்ட நிலங்களில் ஒன்றாக முகமாலையைத் துறைசார்ந்தவர்கள் சொல்வார்கள்.

புதைத்தவர்கள் யார் என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை. இலங்கை இராணுவம் பாகிஸ்தான் தயாரிப்பான பி4 வகை மிதிவெடிகளைப் பெருமளவில் பயன்படுத்தியது. புலிகள் ‘ஜொனி 95’, ‘ரங்கன் 99’ என்ற பெயர்களில் சொந்தமாகவே செய்து புதைத்தார்கள். 1987 முதல் 1990 வரை அங்கே இருந்த இந்திய அமைதிப்படையும் தன் பங்குக்கு வெடிகளை விட்டுச் சென்றது. மிதிவெடிக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. மேலே வைக்கப்படும் பாதத்தின் எடை மட்டும்தான் அதற்குத் தெரியும். போர்நிறுத்தம் வந்தாலும், புதைத்தவரே செத்துப்போனாலும், அது தன் வேலையில் இருந்துகொண்டே இருக்கும்.

பி4 உள்ளங்கையில் அடங்கிவிடும் வட்டமான பிளாஸ்டிக் டப்பா. அதில் உலோகம் மிகச் சொற்பம் என்பதால் உலோகங்காட்டிக் கருவி பல நேரம் தடுமாறும். அதனால் வடக்கின் மணற்பாங்கான நிலத்துக்கு ஏற்ற ஒரு முறை அங்கேயே உருவானது. தோட்டத்தில் சருகு கூட்டும் விறாண்டியைப் போன்ற, நீண்ட காம்புள்ள கருவியால் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி இழுப்பது. முகத்தை மறைக்கும் கண்ணாடிக் கவசமும் மார்பை மூடும் கனத்த அங்கியும் அணிந்து, சிவப்புக் குச்சிகளால் எல்லை குறித்த குறுகலான பாதையில் குந்தியிருந்து அந்த வேலையைச் செய்கிறவர்களில் பெண்கள் கணிசமானவர்கள். கணவரைப் போரில் இழந்தவர்களும், தனியாகக் குடும்பத்தைச் சுமப்பவர்களும் அவர்களுள் நிறைய. விறாண்டியின் பல்லில் ஒரு மூடியின் விளிம்பு தட்டுப்பட்டால் கை நிற்க வேண்டும். அன்றைய வெயிலில் அவர்கள் முன்னேறிய தூரம் சில அடிகளாகத்தான் இருக்கும். ஒரு மிதிவெடியைச் செய்ய மூன்று டாலர் போதும். அகற்ற 300 முதல் 1,000 டாலர் வரை ஆகும் என்று ஐ.நா. நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு இந்தப் பெண்களின் முழங்கால்களில்தான் எழுதப்படுகிறது.

இலங்கை இராணுவத்தின் வெடியகற்றும் பிரிவும், ஹலோ டிரஸ்ட், மாக் ஆகிய பன்னாட்டு நிறுவனங்களும், டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து இதுவரை பல லட்சம் வெடிகளை எடுத்திருக்கின்றன. 2017இல் மட்டக்களப்பு வெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. முகமாலையிலேயே பல குடும்பங்கள் திரும்பி வந்து தென்னம்பிள்ளை வைத்திருக்கின்றன. கையிருப்பில் இருந்த மிதிவெடிகளை இராணுவம் 2021இல் அழித்து முடித்தது. பாராட்டப்பட வேண்டிய சாதனை இது. கெடு இருந்ததால், அதைக் கேள்வி கேட்க ஆள் இருந்ததால் நடந்த சாதனை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வெடித்த பிறகு

ஆளைக் கொன்றுவிட்டால் எதிரிக்கு ஒருவர் குறைவார். காலைப் பிய்த்துவிட்டால் அவரைத் தூக்கிச் செல்ல இன்னும் இருவர் வேண்டும் என்பதுதான் மிதிவெடியை வடிவமைத்தவர்களின் கணக்கு. வெடிப்பு பாதத்தைச் சிதைப்பதோடு நிற்பதில்லை. மண், புல், செருப்பின் துண்டு, நொறுங்கிய எலும்பு எல்லாவற்றையும் சதைக்குள் மேல்நோக்கி அடித்து ஏற்றுகிறது. பாதம்தானே போனது என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைப்பார். கிருமி பரவிய சதையை எல்லாம் நீக்கிக்கொண்டே போகும் அறுவை மருத்துவர் முழங்காலுக்குச் சற்றுக் கீழேயோ அதற்கு மேலேயோ வெட்ட நேர்கிறது. முழங்கால் மிஞ்சினால் நடை ஓரளவு இயல்பாக இருக்கும். மிஞ்சாவிட்டால் ஒவ்வோர் அடியும் இடுப்பிலிருந்து வீசி வைக்கும் அடிதான்.

குழந்தை என்றால் கதை இன்னும் நீள்கிறது. உடம்பு வளர வளர வெட்டப்பட்ட எலும்பும் வளரும். சில சமயம் தோலைக் குத்திக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அப்போது மறுபடி அறுவை. வளரும் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், பெரியவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறையும் பொய்க்காலை மாற்ற வேண்டும் என்பது செஞ்சிலுவைச் சங்கத்தின் கணக்கு. பத்து வயதில் காலை இழந்த ஒரு பிள்ளை இன்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தால் ஏறத்தாழ 25 பொய்க்கால்கள் தேவைப்படும். போர் முடிந்த 2009இல் பத்து வயதாக இருந்த பிள்ளை இப்போது இருபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டிவிட்டது. அதற்கு இன்னும் எத்தனை கால்கள் வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்கான பணத்தை எந்த அமைச்சின் வரவு செலவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

பொய்க்கால் என்பது ஒரு முறை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போகிற பொருளன்று. வெட்டுண்ட முனைக்கு மாவுக்கட்டுப் போட்டு அச்செடுக்க வேண்டும். அந்த அச்சிலிருந்து கிண்ணம் போன்ற உறை செய்ய வேண்டும். மாட்டிப் பார்த்து, எங்கே அழுத்துகிறது, எங்கே உரசுகிறது என்று கேட்டுக் கேட்டுத் திருத்த வேண்டும். சில மாதங்களில் அந்த முனையின் சதை வற்றி உறை தளர்ந்துவிடும். வன்னி வெயிலில் உறைக்குள் வியர்வை தேங்கித் தோல் அவியும். புண் ஆறும்வரை காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது வருமானமில்லாத நாள்கள். ஒரு திருகாணி கழன்றாலும் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ பேருந்து ஏற வேண்டும் என்றால், பலர் கம்பியால் கட்டிச் சமாளிப்பார்கள். அல்லது ஊன்றுகோலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

இந்த இடத்தில் ஜெய்ப்பூர் கால் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1960களின் கடைசியில் ராஜஸ்தானில் அதை உருவாக்கியவர்கள் இருவர்: எலும்பு முறிவு மருத்துவர் பி.கே. சேத்தி, அதிகம் படிக்காத கைவினைஞர் ராம் சந்திர சர்மா. மேற்கத்திய பொய்க்கால் சப்பாத்துக்குள் இருக்கவே செய்யப்பட்டது. இவர்கள் செய்த ரப்பர் பாதம் வெறுங்காலோடு நடக்கிறவருக்கானது. சேற்றில் இறங்கலாம், சம்மணம் போடலாம், குந்தலாம், மரம் ஏறலாம். நெல் வயலும் பனந்தோப்பும் குந்துகிற கழிப்பறையும் உள்ள நம் பகுதி நாட்டவருக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு அரிது. யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் புனர்வாழ்வு நிலையம், குண்டு விழுந்த காலத்திலும், பொருளாதாரத் தடை இருந்த காலத்திலும், இடம்பெயர்ந்த காலத்திலும் அந்தத் தொழில்நுட்பத்தைத் தக்கவைத்துத் தலைமுறைகளை நடக்க வைத்தது. இப்படிப்பட்ட நிலையங்கள் இன்றும் பெரிதும் நன்கொடையை நம்பித்தான் நடக்கின்றன என்பதுதான் சிக்கல். நன்கொடை தருபவரின் கவனம் அடுத்த போர் நடக்கும் நாட்டுக்குத் திரும்பும். கால் தேவைப்படுபவர் இங்கேயேதான் இருப்பார்.

உடன்படிக்கை நெகிழ்த்திய இடம்

1992இல் ஆறு அமைப்புகள் சேர்ந்து தொடங்கிய மிதிவெடி ஒழிப்புப் பன்னாட்டு இயக்கம் ஐந்தே ஆண்டுகளில் ஓர் உலக உடன்படிக்கையைச் சாத்தியமாக்கியது. அரசுகளும் இராணுவத் தளபதிகளும் மட்டுமே பேசிக்கொண்டிருந்த ஆயுத விவகாரத்துக்குள் கால் இழந்தவர்கள் சக்கர நாற்காலியோடு நுழைந்தது அப்போதுதான். 1997இல் அந்த இயக்கத்துக்கும் அதன் ஒருங்கிணைப்பாளர் ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தபோது, இயக்கத்தின் சார்பில் ஓஸ்லோ மேடையில் அதை வாங்கியவர்களில் ஒருவர் கம்போடியாவின் துன் சன்னாரெத். இரு கால்களையும் வெடியில் இழந்தவர் அவர்.

அவ்வளவு போராடிப் பெற்ற உடன்படிக்கையின் வரிகளைப் பாருங்கள். நான்காம் பிரிவு: கையிருப்பில் உள்ள வெடிகளை நான்கு ஆண்டுகளுக்குள் அழிக்க வேண்டும். ஐந்தாம் பிரிவு: மண்ணில் உள்ளவற்றைப் பத்து ஆண்டுகளுக்குள் அகற்ற வேண்டும். ஆறாம் பிரிவு: பாதிக்கப்பட்டோரின் சிகிச்சைக்கும் புனர்வாழ்வுக்கும் சமூக, பொருளாதார மீட்சிக்கும் ‘உதவக்கூடிய நிலையில் இருக்கும்’ நாடுகள் உதவ வேண்டும். ஆண்டும் இல்லை, அளவும் இல்லை. எந்த நாடும் ‘நான் அந்த நிலையில் இல்லை’ என்று கைவிரித்துவிட்டுப் போகலாம். இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் கறாராகக் கெடு விதித்த பேனா, சதைக்கும் எலும்புக்கும் வந்தபோது இளகிவிட்டது.

பின்னால் வந்த ஒப்பந்தங்கள் இந்தக் குறையை ஓரளவு சரிசெய்தன. 2008இல் உருவான கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கை பாதிக்கப்பட்டோருக்கு உதவுவதை அந்தந்த நாட்டின் கடமையாக்கியது. காயம்பட்டவரை மட்டுமல்லாமல் அவர் குடும்பத்தையும் ஊரையும் பாதிக்கப்பட்டோராகக் கருதச் சொன்னது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, உதவி என்ற பேச்சையே உரிமையாக மாற்றியது. அதன் வரைவுப் பணியிலும் மிதிவெடியால் பாதிக்கப்பட்டவர்களின் குரல் இருந்தது. இலங்கை 2016இல் மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையை ஏற்றது. 2018இல் கொத்துக்குண்டுத் தடையில் சேர்ந்தது. ஆக, கொழும்பு மூன்று கையெழுத்துகளால் கட்டுப்பட்டிருக்கிறது. கையெழுத்துக்குப் பஞ்சமில்லை.

ஏட்டில் உள்ளவை

உள்நாட்டுச் சட்டத்துக்கும் குறைவில்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான சட்டம் 1996இலேயே வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களில் அவர்கள் சிரமமின்றிப் புழங்க வழி செய்ய வேண்டும் என்ற விதிமுறைகள் 2006இல் வந்தன. அவை அமலாகவில்லை என்று, சக்கர நாற்காலியில் வாழ்ந்த அஜித் பெரேரா வழக்குத் தொடுத்தார். 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரச வேலைகளில் 3 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு என்ற சுற்றறிக்கை 1988இல் வந்தது. அந்த ஆண்டில் பிறந்த குழந்தை இன்று நடுவயதை நெருங்குகிறது. வன்னியின் அரச அலுவலகங்களில் அந்த 3 விழுக்காட்டைத் தேடிப் பார்ப்பது அவரவர் பொறுமையைப் பொறுத்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாத உதவிப்பணம் 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாக உயர்ந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு அரிசியும் எண்ணெயும் விற்கிற விலையில் அது ஒரு குடும்பத்தின் சமையலறைக்கே போதாது. அதுவும் வறிய குடும்பம் என்று தேர்வானால்தான் கிடைக்கும். போரில் காலை இழந்த படைவீரருக்கோ சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. அவர் நலனுக்கென்றே ரணவிரு சேவா அதிகாரசபை உண்டு. அது அவருக்குக் கிடைக்க வேண்டியதுதான். யாரும் குறை சொல்ல முடியாது. அதே வெடியில் அதே காலை இழந்த விவசாயிக்கு அப்படியொரு வாசல் இல்லை என்பதே கேள்வி. இழப்பீட்டுக்கான அலுவலகம் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. மிதிவெடியால் முடமான குடிமக்களுக்கென ஒரு நிலையான திட்டத்தை வகுக்க அதைவிடப் பொருத்தமான இடம் எது?

வடக்கில் இன்னொரு தடையும் இருக்கிறது. போர் முடிந்த ஆண்டுகளில் கால் இல்லாத இளைஞனைக் கண்டாலே ‘புலிகள் இயக்கத்தில் இருந்தவனா?’ என்ற கேள்வி எழுந்தது. சோதனைச் சாவடியில் எழுந்தது. கல்யாணப் பேச்சிலும் எழுந்தது. பதிவேட்டில் பெயர் கொடுத்தால் வில்லங்கம் வருமோ என்று ஒதுங்கியவர்கள் உண்டு. பெண்ணுக்குக் கால் போனால் சங்கடம் இரட்டிப்பு. அவளைக் கட்ட ஆள் வராது என்பார்கள். பிள்ளையை எப்படித் தூக்குவாள் என்பார்கள். எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்ற முழுக் கணக்கு இல்லாமல் போனதற்கு நிர்வாகச் சோம்பல் ஒரு காரணம் என்றால், இந்த அச்சமும் கூச்சமும் இன்னொரு காரணம். இராணுவம் கேட்டால் பதில் வராது. ஊரில் உள்ள மாற்றுத்திறனாளிகள் சங்கம் கேட்டால் வரும்.

‘இவர்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?’

இந்தக் கேள்வியை வைப்பவர்களை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது. போலியோவால் கால் சூம்பியவர் இருக்கிறார். பனையிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்தவர் இருக்கிறார். நீரிழிவால் கால் அகற்றப்பட்டவர்கள் ஆண்டுக்காண்டு பெருகுகிறார்கள். வெடியில் காலை இழந்தவருக்கு ஒரு வரிசை, சர்க்கரையால் இழந்தவருக்கு வேறு வரிசை என்று பிரிப்பது அநியாயம்தானே?

அநியாயம்தான். அப்படிப் பிரிக்கக் கூடாது என்று கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையே சொல்கிறது. இங்கே வைக்கிற கோரிக்கையும் அதற்கு மாறானதில்லை. கிளிநொச்சி மருத்துவமனையில் பொய்க்கால் பட்டறையும், பயிற்சி பெற்ற தொழில்நுட்பரும், இயன்முறை மருத்துவரும் நிரந்தரமாக இருந்தால், அங்கே முதலில் வரிசையில் நிற்கப்போவது நீரிழிவு நோயாளிகள்தான். பிரதேச செயலகத்தில் சாய்தளம் கட்டினால் அதில் ஏறப்போவது ஓய்வூதியம் வாங்க வரும் முதியவர்கள். மிதிவெடி உடன்படிக்கை வழியாகக் கிடைக்கிற உலகக் கவனத்தையும் பணத்தையும் கொண்டு, எல்லா மாற்றுத்திறனாளிகளுக்குமான பொதுச் சேவையைக் கட்டியெழுப்பச் சொல்கிறோம். தனி வரிசை கேட்கவில்லை. வரிசையே இல்லாத ஊரில் ஒரு வரிசையை உண்டாக்கச் சொல்கிறோம்.

நாடு கடனில் மூழ்கியிருக்கிறதே, பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. முழங்காலுக்குக் கீழான ஒரு ஜெய்ப்பூர் கால், இறக்குமதியாகும் பொய்க்காலின் விலையில் சிறு பங்குதான். காலில்லாமல் வீட்டில் முடங்கும் ஒரு விவசாயியும், அவரைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்தும் ஒரு மகளும் நாட்டுக்கு ஏற்படுத்தும் இழப்பை யாரும் ரூபாயில் எழுதுவதில்லை. அதனால்தான் பொய்க்கால் செலவாகத் தெரிகிறது.

உலகம் பின்வாங்கும் நேரம்

இந்தக் கோரிக்கையை வைக்க இது நல்ல காலம் அல்ல. லித்துவேனியா, லாத்வியா, எஸ்டோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய அச்சத்தைக் காரணம் காட்டி ஒட்டாவா உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக 2025இல் முறைப்படி அறிவித்தன. மிதிவெடியை ஒழிக்கப் பணம் தந்த நாடுகளே, எல்லையில் அதைப் புதைக்கும் உரிமையை மீண்டும் கையில் எடுத்திருக்கின்றன. அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, பல நாடுகளில் வெடியகற்றும் பணி ஒரே நாளில் தடைபட்டது.

மிதிவெடிகளாலும் வெடிக்காமல் கிடந்த குண்டுகளாலும் 2023இல் உலகெங்கும் 5,757 பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ பதிவானார்கள். 2024இல் அது 6,279 ஆக உயர்ந்தது. அவர்களில் பத்தில் ஒன்பது பேர் குடிமக்கள். இரண்டு ஆண்டுகளிலும் பட்டியலின் உச்சியில் இருந்தது இந்தியாவின் அண்டை நாடான மியான்மர். அங்கே இராணுவமும் ஆயுதக் குழுக்களும் இன்னும் புதைத்துக்கொண்டே இருக்கின்றன. எல்லையைக் காக்கும் கருவி என்று ஐரோப்பியத் தளபதிகள் இன்று சொல்வதைத்தான் முகமாலையில் இரு தரப்புத் தளபதிகளும் அன்று சொன்னார்கள். போர்முனை நகர்ந்து போனது. வெடி இருந்த இடத்திலேயே இருந்தது. மாட்டுக்குப் புல்லறுக்கப் போனவரும், பழைய இரும்பு பொறுக்கிக் கிலோ கணக்கில் விற்க முயன்றவரும், வேலியோரக் குப்பைக்குத் தீ வைத்தவரும்தான் அதை வெடிக்க வைத்தார்கள்.

இந்தியாவுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. ஜெய்ப்பூர் காலை உலகுக்குத் தந்த நாடு அது. 2010இல் வவுனியாவில், இடம்பெயர்ந்தோர் இருந்த மெனிக் பாம் முகாமில் பொய்க்கால் முகாம் நடத்தி, போரில் முடமானவர்களை நடக்க வைத்ததும் அந்நாடுதான். அதே இந்தியா இன்றுவரை ஒட்டாவா உடன்படிக்கையில் சேரவில்லை. நீண்ட எல்லைகளைக் காக்கும் தேவை என்பது டில்லியின் பதில். இந்திய நாடாளுமன்றம் மீதான தாக்குதலுக்குப் பிறகு 2001–02இல் பாகிஸ்தான் எல்லை நெடுக இந்திய இராணுவம் புதைத்த வெடிகளால் காலை இழந்த பஞ்சாப், ராஜஸ்தான், ஜம்மு விவசாயிகளுக்கு அந்தப் பதில் எந்த விதத்திலும் உதவவில்லை. ஈழத் தமிழர் நலனை மேடைதோறும் பேசும் தமிழ்நாட்டுக் கட்சிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் டில்லியில் எழுப்ப வேண்டிய கேள்விகள் இரண்டு. அமைதிப்படை புதைத்த வெடிகளுக்கான தார்மீகப் பொறுப்பாக வடக்கின் பொய்க்கால் பட்டறைகளுக்கு நிரந்தர உதவி தருவீர்களா? இந்தியா எப்போது கையெழுத்திடும்?

2028க்கு முன்

வெடியகற்றும் பணி முடியும்போது இரண்டு பேர் கைவிடப்படும் அபாயம் இருக்கிறது. ஒருவர் காலை இழந்தவர். ‘மிதிவெடி அற்ற இலங்கை’ என்று அறிவிப்பு வந்த மறுநாளே நன்கொடை நாடுகள் கோப்பை மூடிவிடும். இன்னொருவர், குந்தியிருந்து மண்ணைச் சுரண்டிய அந்தப் பெண். அவருக்கு மாதச் சம்பளம் தந்த ஒரே வேலை முடிந்துவிடும். நாட்டைப் பாதுகாப்பாக்கியவர் வேலையை இழப்பதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு என்றால் அது கொடுமை. அவர்களுக்கான மாற்றுத் தொழிலையும் இப்போதே திட்டமிட வேண்டும்.

எனவே கோரிக்கைகள் தெளிவாக இருக்கட்டும். ஒன்று: கிராம அலுவலர் பிரிவு வாரியாக, மாற்றுத்திறனாளிகள் சங்கங்களின் கையால், மிதிவெடியாலும் வெடிபொருளாலும் பாதிக்கப்பட்டவர்களின் பதிவேடு தயாராக வேண்டும். பாதுகாப்புத் தரப்பின் கைக்கு அது போகாது என்ற உறுதியைச் சட்டமே தர வேண்டும். இரண்டு: பொய்க்கால் பட்டறைகள் சுகாதார அமைச்சின் ஆண்டு ஒதுக்கீட்டில் நிரந்தரத் தலைப்பாக வேண்டும், மாவட்டத்துக்கு ஒன்று, பழுது பார்க்க ஊருக்கு வரும் நடமாடும் வண்டி ஒன்று. மூன்று: இழப்பீட்டுக்கான அலுவலகம், காலை இழந்த குடிமகனையும் காலை இழந்த படைவீரரையும் ஒரே தட்டில் வைத்து ஒரு திட்டத்தை அறிவிக்க வேண்டும். நான்கு: 3 விழுக்காட்டு இட ஒதுக்கீடும் கட்டட விதிமுறைகளும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் எந்த அளவு நிறைவேறியிருக்கின்றன என்று ஆண்டுதோறும் பகிரங்கமாக அறிக்கை வர வேண்டும். ஐந்து: இவற்றை மேற்பார்க்கும் குழுவில் பாதிப்பேர் பாதிக்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும்.

இவற்றுக்கு எல்லாம் ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதியைத் தேடி அலைய வேண்டியதில்லை. 2028 ஜூன் 1 ஏற்கெனவே இருக்கிறது. இலங்கை தன் பணி முடிந்தது என்று ஒட்டாவா உடன்படிக்கை நாடுகளின் கூட்டத்தில் அறிவிக்கும்போது, அந்த அறிக்கையில் சதுர மீட்டர் கணக்குக்குப் பக்கத்திலேயே மனிதர்களின் கணக்கும் இருக்க வேண்டும்: இத்தனை பேர் பதிவானார்கள், இத்தனை பேருக்குக் கால் கிடைத்தது, இத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இத்தனை பேர் மிச்சம், அவர்களுக்கான ஆண்டு இது. கையொப்பமிட்ட மற்ற நாடுகள், மனிதர் கணக்கு இல்லாத அறிக்கையை முழுமையானதாக ஏற்கக் கூடாது. வடக்கு, கிழக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவு விவாதத்திலேயே இதை எழுப்பட்டும். அமைச்சர் பதிலளிக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: எந்த ஆண்டுக்குள்?